சினை ஊசி போடும் முன்: மாட்டுக்கு வைரஸ் நோய் ஏறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

புதிதாக நான்கைந்து கறவை மாடு வாங்கிப் பண்ணை தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் தொழுவத்தில் சினையின் ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் என்று மாடுகள் கன்று வீசின. மற்ற மாடுகள் ஊசி போட்டும் சினை நிற்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தன. தாது உப்பு வைத்தோம், கருப்பைக்கு மருந்து விட்டோம், ஊசி போடுகிறவரையும் மாற்றிப் பார்த்தோம். ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ரத்தம் எடுத்து ஐபிஆர் என்ற வைரஸ் நோய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல மட்டும் வெகுகாலம் யாரும் வரவில்லை. அதன் பிறகும் எங்கே கொடுப்பது, எந்தப் பரிசோதனையைக் கேட்பது என்று தெரியாமல் அலைந்தோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முதலில் ஒன்று. சினை ஊசி, அதாவது செயற்கைமுறைக் கருவூட்டல் என்பதே நோயைத் தடுக்க நல்ல வழி. ஊர்க்காளையிடம் விடுவதைவிடப் பலமடங்கு பாதுகாப்பானது. ஆனால் விந்து அடைத்து வரும் குச்சி எங்கிருந்து வந்தது, போடுகிற கை சுத்தமா, மாடு ஏற்கெனவே நோயைச் சுமக்கிறதா என்ற மூன்றும் சரியாக இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு.

1. எந்த நோய் என்று தெரிந்துகொள்ளுங்கள்

முக்கியமாக இரண்டு பெயரை மனதில் வையுங்கள்: ஐபிஆர் (மூக்கு, மூச்சுக்குழல் தொற்று), பிவிடி (மாட்டு வைரஸ் கழிச்சல்).

ஐபிஆர் ஹெர்ப்பிஸ் வகை வைரஸால் வருவது. மூக்கு வழியாகப் பிடித்தால் காய்ச்சல், மூக்குச்சளி, கண்ணில் நீர். காளை ஏறியோ கெட்ட விந்து மூலமோ பிடித்தால், ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் அறையின் (பிறப்புறுப்பின்) உள்பக்கம் சிவந்து, கடுகளவு வெள்ளைக் கொப்புளங்கள் கிளம்பும். மாடு வாலைத் தூக்கிக்கொண்டே நிற்கும், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடும். இரண்டு வாரத்தில் எல்லாம் ஆறிவிடும். ஆறியதும் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வைரஸ் நரம்பு முடிச்சுகளில் ஒளிந்துகொண்டு அந்த மாடு சாகும்வரை அங்கேயே இருக்கும். நெடுந்தூரம் லாரியில் வந்தாலோ, கன்று ஈன்று அலுத்தாலோ, ஸ்டீராய்டு ஊசி போட்டாலோ மறுபடி வெளியே வரும். காளையிலும் இதே கதைதான். பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும் காளையின் விந்தில் விட்டுவிட்டு வைரஸ் வரலாம். திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரி குளிரும் இதைக் கொல்லாது. விந்தைக் கெடாமல் காப்பதுபோலவே வைரஸையும் காத்து வைக்கும்.

பிவிடி வேறு மாதிரி. சினையின் முதல் நான்கு மாதத்துக்குள் தாய்க்கு இது தொற்றினால், வயிற்றில் இருக்கும் கன்றின் உடல் அந்த வைரஸைத் தன்னுடையது என்றே எடுத்துக்கொள்ளும். அப்படிப் பிறக்கும் கன்று வாழ்நாள் முழுக்கச் சாணம், சளி, பால், விந்து எல்லாவற்றிலும் வைரஸைக் கொட்டிக்கொண்டே இருக்கும். சில கன்று நோஞ்சானாக இருக்கும், சில கன்று நன்றாகவே வளரும். நன்றாக வளர்வதுதான் ஆபத்து. அது காளையாகி ஊர் மாடுகளுக்கெல்லாம் ஏறும்.

கோமாரியும் தோல் கழலை நோயும்கூட விந்தில் வரக்கூடியவை. ஆனால் கோமாரி பெரும்பாலும் மாட்டுக்கு மாடு நேராகத் தொற்றும், தோல் கழலை கடிக்கிற ஈ, கொசு மூலம் பரவும். தொழுவத்திலோ பக்கத்துத் தொழுவத்திலோ இவை இருக்கும் சமயத்தில் ஊசியைத் தள்ளிப் போடுங்கள், அது போதும்.

கன்று வீச்சு நோய் எனப்படும் புருசெல்லோசிஸ் வைரஸ் அல்ல, பாக்டீரியா. ஆனாலும் எடுக்கிற அதே ரத்தத்தில் இதையும் பார்த்துவிடுங்கள். இது மனிதருக்கும் தொற்றும்.

2. பணம் கொடுக்கும் முன் காகிதத்தைக் கேளுங்கள்

ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையில் ஒரு வியாழக்கிழமை நின்று பாருங்கள். கேரளா, கர்நாடகம், ஆந்திரம் என்று பல பக்கத்து ஆட்கள் வந்து வாங்குவார்கள், பல பக்கத்து மாடுகள் ஒன்றோடொன்று மூக்கை உரசிக்கொண்டு நிற்கும். சந்தையில் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் மாடுகளை வாங்குகிறவர் முடிந்தவரை வீட்டிலிருந்து, வளர்த்தவரின் கையிலிருந்து வாங்குங்கள். அங்கேதான் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

கேட்க வேண்டியவை:

- காதில் 12 இலக்க மஞ்சள் தோடு இருக்கிறதா? அந்த எண்ணை வைத்து, போட்ட தடுப்பூசியையும் சினை ஊசியையும் அரசின் பாரத் பசுதன் பதிவில் கால்நடை மருந்தகத்தில் பார்க்கச் சொல்லலாம். வாங்கியபின் உரிமையாளர் பெயரையும் அங்கேயே மாற்றிவிடுங்கள். பலர் இதை விட்டுவிட்டு, காப்பீடு கேட்கப் போகும்போது மாட்டிக்கொள்கிறார்கள்.
- கடைசியாக எப்போது ஈன்றது, எத்தனை ஊசியில் நின்றது, கன்று வீசியது உண்டா?
- காளைக்கு விட்டார்களா, ஊசியா? ஊசி என்றால் யார் போட்டது?
- கோமாரி தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டிருக்கிறதா? கிடேரியாக இருந்தால் நான்கிலிருந்து எட்டு மாத வயதுக்குள் புருசெல்லா ஊசி போட்டார்களா? அதைப் போட்ட தேதியைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பின்னால் ரத்தப் பரிசோதனையில் குழப்பம் வரலாம்.
- ஐபிஆர் தடுப்பூசி எப்போதாவது போட்டிருக்கிறதா? எந்த வகை?

"சினை மாடு, ஏழு மாதம்" என்று விற்க வருவதில் கூடுதல் கவனம் தேவை. தாய்க்குப் பிவிடி பரிசோதனை செய்து ஒன்றுமில்லை என்று வந்தாலும், வயிற்றுக் கன்று வைரஸைச் சுமக்கலாம். பிறந்ததும் கன்றையும் சோதித்தால்தான் கணக்கு முடியும்.

சில ஆயிரம் முன்பணம் கொடுத்து, "ரத்த முடிவு வந்ததும் மீதி" என்று பேசுங்கள். தரகர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. நல்ல மாடு வைத்திருப்பவர் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

3. ரத்தம்: எங்கே, எப்படி, என்ன கேட்பது

இந்த இடத்தில்தான் எங்களுக்கு நாள் போனது, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் ஊர் கால்நடை உதவி மருத்துவரிடம் தொடங்குங்கள். ரத்தத்தை அவர்தான் எடுக்க வேண்டும், அனுப்பும் கடிதமும் அவருடையதாக இருக்க வேண்டும். மாவட்டந்தோறும் கால்நடைப் பராமரிப்புத் துறையின் நோய் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளும் மாவட்டப் பயிற்சி, ஆராய்ச்சி மையங்களும் உண்டு. அந்த வாரம் எந்த ஆய்வகத்தில் எந்தப் பரிசோதனை நடக்கிறது என்று ஃபோனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கிட் தீர்ந்துபோயிருந்தால் போய் வந்தது வீண்.

கடிதத்தில் "ரத்தப் பரிசோதனை" என்று மட்டும் எழுதினால் ரத்தத்தில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிவிடுவார்கள். இப்படி எழுதச் சொல்லுங்கள்:

- ஐபிஆர்: எதிர்ப்பொருள் எலிசா (நோயை எதிர்க்க மாட்டின் உடல் உருவாக்கியதைத் தேடுவது)
- பிவிடி: ஆன்டிஜன் எலிசா அல்லது பிசிஆர் (இரண்டும் வைரஸையே தேடுவது)
- புருசெல்லா: ஆர்பிபிடி (தட்டில் கலந்து பார்க்கும் முதல்கட்டச் சோதனை), தேவைப்பட்டால் எலிசா

பிவிடிக்கு ஏன் ஆன்டிஜன்? பிறவியிலேயே வைரஸைச் சுமக்கும் மாட்டில் எதிர்ப்பொருள் உருவாகாது. எதிர்ப்பொருள் பரிசோதனையை மட்டும் செய்தால், மந்தையிலேயே மோசமான மாட்டுக்கு "நெகட்டிவ்" என்று நற்சான்று வந்துவிடும். காது ஓரத்தில் சிறு துண்டு எடுத்தும் இதைப் பார்க்கலாம்.

ரத்தத்தைச் சிவப்பு மூடிக் குழாயில் எடுத்து, குலுக்காமல் சாய்த்து வைத்து உறையவிடுங்கள். மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர்தான் வேண்டியது. ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள். உறைந்த ரத்தத்தோடு குழாயை ஃப்ரீசரில் வைத்துவிட்டால் சிவப்பணு உடைந்து மாதிரி கெட்டுப்போகும். குழாயின் மேல் மாட்டின் செல்லப்பெயர் எழுதிப் பயனில்லை, காதுத் தோட்டின் எண்ணை எழுதுங்கள். எண் இல்லாத முடிவு நாளைக்கு எந்த மாட்டுக்கும் சான்று ஆகாது.

செலவு ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். அரசுப் பிரிவில் நோய்க் கண்காணிப்புக்காக எடுத்தால் பெரும்பாலும் பணம் கேட்பதில்லை. கட்டணம் உள்ள இடங்களில் மாடு ஒன்றுக்குச் சில நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாடு கன்று வீசினால் ஒரு ஈற்றின் பாலே போகிறது, அதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை.

நேரம் ஆவதற்கு ஒரு காரணம் உண்டு. எலிசா தட்டில் 96 குழி. ஒன்றிரண்டு மாதிரிக்காக ஒரு தட்டை வீணாக்க மாட்டார்கள், மாதிரி சேரும்வரை காத்திருப்பார்கள். அதனால் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களோடு சேர்ந்து ஒரே நாளில் இருபது முப்பது மாதிரியாகக் கொடுத்தால் முடிவு சீக்கிரம் வரும்.

4. வந்த மாட்டை ஒரு மாதம் தனியே கட்டுங்கள்

முதல் ரத்தம் நெகட்டிவ் என்றாலும் விடக்கூடாது. நேற்றுத் தொற்றியிருந்தால் எதிர்ப்பொருள் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். முப்பது நாள் தனிக் கொட்டகை, தனித் தொட்டி, தனி வாளி. மற்ற மாட்டோடு மூக்கு முட்டக் கூடாது. தீவனமும் பாலும் பழைய மாடுகளுக்கு முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் இங்கே வர வேண்டும். 21 நாளுக்குப் பிறகு இரண்டாவது ரத்தம் எடுங்கள். அதுவும் நெகட்டிவ் என்றால் மந்தையில் சேர்க்கலாம்.

இந்த ஒரு மாதத்தில் பருவத்துக்கு வந்தாலும் ஊசி போடாதீர்கள். அடுத்த பருவம் 21 நாளில் வந்துவிடும், அதில் போட்டுக்கொள்ளலாம்.

5. காளைக்கு விடுவதாக இருந்தால்

"ஊசியில் நிற்கவில்லை, ஒருதடவை காளையிடம் விட்டுப் பார்" என்பது எல்லா ஊரிலும் கிடைக்கும் அறிவுரை. நிற்காத மாடுகளெல்லாம் போய்ச் சேரும் இடம் அந்த ஒரு காளைதான். நோயால் நிற்காத மாடு காளைக்குக் கொடுக்கும், காளை அடுத்த மாட்டுக்குக் கொடுக்கும்.

காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர் என்று நாட்டுக்காளை வளர்க்கிறவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த இனங்கள் நிற்பது அவர்களால்தான். அதனாலேயே சொல்கிறேன்: காளைக்கு ஆண்டுதோறும் ஐபிஆர், பிவிடி, புருசெல்லா பாருங்கள், வருகிற மாட்டின் முடிவையும் கேளுங்கள். முடிவைக் காட்டும் காளைக்காரரிடம் கூடுதல் பணம் கொடுத்துப் போவதில் தவறே இல்லை.

6. குச்சியைப் படியுங்கள்

கால் மில்லி விந்து பிடிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குச்சி. அதன் மேல் பொடி எழுத்தில் உறைவிந்து நிலையத்தின் குறியீடு, காளையின் எண், இனம், உறையவைத்த தேதி எல்லாம் அச்சாகியிருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஃபோன் கேமராவில் பெரிதாக்கினால் படிக்கலாம்.

உதகை, ஓசூர், ஈச்சங்கோட்டை, அலமாதி ஆகிய ஊர்களில் நம் மாநிலத்தில் உறைவிந்து நிலையங்கள் உள்ளன. மத்திய அரசு வகுத்த குறைந்தபட்சத் தர நெறிமுறை ஒன்று உண்டு. அதன்படி புதுக்காளையை 60 நாள் தனிமையில் வைத்து, காசநோய், புருசெல்லா, ஐபிஆர், பிவிடி உள்ளிட்டவற்றுக்குச் சோதித்த பிறகே நிலையத்துக்குள் விட வேண்டும். நிலையங்களை மத்தியக் குழு வந்து பார்த்துத் தரம் கொடுக்கும். ஏ தரம் பெற்ற நிலையத்தின் குச்சியைக் கேளுங்கள். நாட்டில் ஐபிஆர் பரவலாக இருப்பதால் விந்தையே பிசிஆர் முறையில் சோதித்து வெளியிடும் நிலையங்களும் உண்டு. அப்படிப்பட்ட குச்சி கிடைத்தால் அதையே எடுங்கள்.

இங்கே ஏமாறும் இடங்கள் மூன்று. அச்சே இல்லாத குச்சி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். "வெளிநாட்டுக் குச்சி, முப்பது லிட்டர் கறக்கும்" என்று வருவதற்கு இறக்குமதிக் காகிதமும் காளையின் விவரமும் கேளுங்கள், மழுப்பினால் அனுப்பிவிடுங்கள். மூன்றாவது, பெண்கன்று ஊசி. விலை அதிகம் என்பதால் சுத்தமும் அதிகம் என்று பலர் நம்புகிறார்கள். அந்த இயந்திரம் ஆண் அணுவையும் பெண் அணுவையும் பிரிக்கிறதே தவிர வைரஸைப் பிரிப்பதில்லை. நோய்ப் பாதுகாப்பு காளையைச் சோதித்ததில்தான் இருக்கிறது.

7. ஊசி போடும் நாள்

காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் மாலையில், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் போட வேண்டும். கண்ணாடி போல் தெளிந்த வழும்பு விழுந்தால் நல்லது. வெண்மையாகவோ சீழ் கலந்தோ வந்தால் அன்றைக்கு ஊசி வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். அறையை விரித்து உள்ளே கொப்புளம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அரசு மருந்தகம், கிளை நிலையத்துக்கு ஓட்டிப்போனால் செலவு மிகக் குறைவு. எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்து போடுகிறவர்கள் தூரத்தைப் பொறுத்து இருநூறு முதல் நானூறு ரூபாய் வரை வாங்குகிறார்கள். பணத்தைவிட முக்கியம், அவர் முறையாகப் பயிற்சி பெற்றவரா என்பது.

அவர் வந்ததும் நீங்கள் கவனிக்க வேண்டியவை:

- உங்கள் தொழுவத்துக்கென்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வைத்துவிடுங்கள். அவர் காலையிலிருந்து எத்தனை தொழுவம் மிதித்து வந்தாரோ தெரியாது.
- நீளக் கையுறை மாட்டுக்கு ஒன்று, புதிது. கழுவி மறுபடி போடுவதை ஏற்காதீர்கள். கையுறையில் ஒட்டிய துளி ரத்தம் மாட்டு லுக்கீமியா (ரத்தப் புற்று) வைரஸைக் கடத்தப் போதும்.
- ஊசிக் கருவியின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறையும் மாட்டுக்கு ஒன்று. உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும்.
- குச்சியை 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் 30 விநாடி வைத்து உருக்க வேண்டும். சட்டைப்பையில் போட்டோ கையில் தேய்த்தோ உருக்கினால் சினை நிற்காது. நிற்காத மாடு மறுபடி காளையைத் தேடும், நோய்க்கு இன்னொரு கதவு திறக்கும்.
- அறையைக் கழுவித் துடைத்த பிறகே கருவி உள்ளே போக வேண்டும்.

கையுறையும் உறையும் நீங்களே பெட்டியாக வாங்கி வைத்துவிட்டால் மனஸ்தாபம் வராது. "அண்ணா, புதுசு இருக்கு, இதைப் போட்டுக்கோங்க" என்று நீட்டினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வேலை முடிந்ததும் காலிக் குச்சியை வாங்கி, நோட்டில் அந்த மாட்டின் பக்கத்தில் செல்லோ டேப்பால் ஒட்டுங்கள். பக்கத்திலேயே தேதி, நேரம், போட்டவர் பெயர். மூன்று மாடு ஒரே காளையின் குச்சிக்குப் பின் கொப்புளம் கண்டால் அந்த நோட்டுதான் உங்கள் ஒரே ஆதாரம்.

8. கன்று வீசினால்

வெறுங்கையால் தொடாதீர்கள். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பக்கத்தில் விடாதீர்கள், நாயை எட்டக் கட்டுங்கள். அப்புறம் உடனே மருத்துவருக்கோ 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ ஃபோன் செய்யுங்கள்.

பலர் செய்வது, நஞ்சுக்கொடியையும் செத்த கன்றையும் அவசரமாகப் புதைத்துவிடுவது. காரணம் கண்டுபிடிக்கக் கிடைத்த பொருள் அதோடு போய்விடுகிறது. மருத்துவர் வரும்வரை நிழலில், பாலித்தீனில் சுற்றி, சுற்றிலும் ஐஸ் வைத்து வையுங்கள். நஞ்சுக்கொடித் துண்டு, கன்றின் வயிற்று நீர், நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றைத் தனித்தனி டப்பாவில் அவர் எடுப்பார். தாயின் ரத்தத்தை அன்று ஒருமுறையும் மூன்று வாரம் கழித்து ஒருமுறையும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால்தான் புதுத் தொற்றா பழையதா என்று சொல்ல முடியும். ஐபிஆரில் தொற்றிச் சில வாரம் கழித்தே கன்று விழும் என்பதால் அன்றைக்கு மாடு நன்றாகவே இருக்கும், அதை வைத்து ஏமாறாதீர்கள்.

மாதிரி எடுத்தபின் மிச்சத்தைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்து, இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவுங்கள்.

9. பாசிட்டிவ் என்று வந்தால்

ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு ஐபிஆர் எதிர்ப்பொருள் வந்தால் அது சீம்பால் வழியாகத் தாயிடமிருந்து வந்ததாக இருக்கலாம். ஆறு மாதம் தாண்டி மறுபடி பாருங்கள். பெரிய மாடு, தடுப்பூசியும் போடாதது என்றால் அது வைரஸைச் சுமக்கிறது என்றே கொள்ள வேண்டும். இதை முற்றாகப் போக்க மருந்து கிடையாது. யாராவது மருந்து என்று விற்றால் வாங்காதீர்கள்.

அதே சமயம் பதறவும் வேண்டாம். ஐபிஆர் மனிதருக்குத் தொற்றுவதில்லை. மாடு கறக்கும், ஈனும், நன்றாகவே வாழும். அதைத் தனி வரிசையில் கட்டி, கடைசியாகக் கறந்து, அலைச்சல் கொடுக்காமல் வைத்திருங்கள். சிகிச்சைக்கு எந்த மருத்துவர் வந்தாலும் "இது ஐபிஆர் பாசிட்டிவ்" என்று முதலிலேயே சொல்லுங்கள். தேவையில்லாமல் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு போட்டால் ஒளிந்திருக்கும் வைரஸை எழுப்பிவிட்டதாகிவிடும். தடுப்பூசி பற்றியும் அவரிடமே பேசுங்கள். மார்க்கர் வகை ஊசியாக இருந்தால்தான் பின்னால் எடுக்கும் பரிசோதனையில் ஊசியால் வந்த எதிர்ப்பொருளையும் நோயால் வந்ததையும் பிரித்தறிய முடியும். சாதாரண வகையைப் போட்டுவிட்டால் எல்லா மாடும் பாசிட்டிவாகவே தெரியும். எதுவாக இருந்தாலும் ரத்தம் எடுத்த பிறகே ஊசி.

பிவிடி ஆன்டிஜன் பாசிட்டிவ் என்றால் மூன்று நான்கு வாரத்தில் மறுபடி சோதியுங்கள். தற்காலிகத் தொற்று அதற்குள் தீர்ந்திருக்கும். மறுபடியும் பாசிட்டிவ் என்றால் அது பிறவிச் சுமப்பு. அந்த மாட்டை மந்தையில் வைக்கவே கூடாது, அதன் தாயையும் அது ஈன்ற கன்றுகளையும் சோதிக்க வேண்டும்.

எந்த முடிவானாலும், சொல்லாமல் சந்தைக்கு ஓட்டிவிடாதீர்கள். நம்மைப் போலவே கடன் வாங்கி மாடு வாங்க வந்த இன்னொருவர் தொழுவத்துக்குத்தான் அது போகும். தவிர, ஐபிஆரும் தோல் கழலையும் 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப் பட்டியலில் உள்ளவை. சந்தேகம் வந்தாலே கால்நடைத் துறைக்குத் தெரிவிப்பது உரிமையாளரின் கடமை.

10. அதன் பிறகு ஆண்டுதோறும்

ஊசி போட்ட 60 முதல் 90 நாளில் சினைப் பரிசோதனை. மூன்று ஊசிக்கும் நிற்காத மாட்டுக்கு நான்காவது ஊசிக்கு முன் ரத்தம். வெளியிலிருந்து மாடு வாங்கும் பண்ணையாக இருந்தால் வருடம் ஒருமுறை எல்லா மாட்டுக்கும் ஐபிஆர், புருசெல்லா, புதிதாகப் பிறந்த கன்றுகளுக்குப் பிவிடி ஆன்டிஜன். கோமாரித் தடுப்பூசி முகாமுக்கு வரும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால், மாட்டைப் பிடித்துக் கட்டுகிற அதே நாளில் ரத்தமும் எடுத்துவிடலாம். தடுப்பூசி போடும் முன் ரத்தம், மாட்டுக்கு ஒரு சிரிஞ்சு முனை. நூறு முனைகள் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கி நீங்களே கையில் வைத்திருங்கள்.